வீடியோ விளம்பரமும் வியாபார நாணயமும்



நான் ராஜபாளையத்தில் மொத்த வியாபாரத்திற்கு வந்த காலத்தில், ஒரு புதுச் சரக்கை ஊருக்குத் தெரிவிக்க நான்கைந்து வழிகள்தான் இருந்தன. தியேட்டரில் சிலைடு போடுவோம். சுவரில் எழுதுவோம். ஒலிபெருக்கி கட்டிய வண்டியைத் தெருத்தெருவாக அனுப்புவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குக் கூடும் ஜனங்களிடம் நோட்டீஸ் கொடுப்போம். இன்றோ கடைக்கு வரும் பெண்கள் செல்போனை நீட்டி, "இந்த வீடியோவில் காட்டுகிற மிளகாய்த்தூள் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். சரக்கின் பெயர் கடைக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடுகிறது.

யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் சமையல், ஊர் சுற்றுதல், கடை அறிமுகம் என்று வீடியோ போடுகிறவர்கள் இன்று நமது இரண்டு ஊர்களிலும் இருக்கிறார்கள். இது பட்டணத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் திறந்த வெளியில் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2018-ல் தொடங்கி, 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டியது. ஒரு கிராமத்தில் இருந்துகொண்டே அவ்வளவு பேருடைய நம்பிக்கையைப் பெற முடிகிறது என்றால், அந்த நம்பிக்கையோடு நமது சரக்கையும் சேர்த்துக்கொள்ள உற்பத்தியாளர்கள் விரும்புவது இயற்கையே.

ஆனால் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதில்தான் பலரும் தவறுகிறோம். நானும் தவறினேன். அதை மறைக்காமல் எழுதினால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்றே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் பட்ட நஷ்டம்

2022 தீபாவளிக்கு முன்னால் ஒரு புது மசாலாத்தூளுக்கு ஏஜென்சி எடுத்தேன். வெளியூரைச் சேர்ந்த, லட்சக்கணக்கானோர் பார்க்கும் ஒருவரிடம் வீடியோ போடக் கம்பெனிக்காரர் ஏற்பாடு செய்தார். செலவில் பாதி என்னுடையது. வீடியோ வந்தது. இரண்டு வாரம் சரக்கு நன்றாக ஓடியது. நானும் மகிழ்ந்து மேற்கொண்டு சரக்கு இறக்கினேன்.

அடுத்த மாதமே அதே மனிதர் வேறொரு கம்பெனி மசாலாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில் புகழ்ந்தார். வாடிக்கையாளர்கள் இரண்டு வீடியோவையும் கடைக்காரர்களிடம் காட்டிச் சிரித்தார்கள். சில்லறைக் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாக ரிட்டர்ன் வந்தது. 40 பெட்டி என் குடோனிலேயே தேதி முடிந்து போயிற்று. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். என் வார்த்தையை நம்பி வாங்கி வைத்த கடைக்காரர்களின் முகத்தில் விழிக்க எனக்குப் பல மாதம் கூச்சமாக இருந்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் அவரிடம் ஒரு நாள் புகழுரையை விலைக்கு வாங்கினோம். ஒரு நாள் புகழுரைதான் கிடைத்தது.

லாபக் கணக்கு எங்கே இருக்கிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடியோவுக்கு 8,000 ரூபாய் செலவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து 80 பேர் புதிதாக வருகிறார்கள். ஒருவரிடம் 25 ரூபாய் லாபம் என்றால் வரவு 2,000. கையைவிட்டுப் போனது 6,000. இதே 80 பேரில் 40 பேர் அடுத்த 11 மாதமும் மாதம் ஒரு முறை வந்து வாங்கினால் மேலும் 11,000 ரூபாய் வரும். மொத்த வரவு 13,000. ஆக, லாபம் இருப்பது முதல் விற்பனையில் அல்ல, வாடிக்கையில்தான். வாடிக்கை நிலைக்க வேண்டுமானால் சரக்கைப் பற்றிச் சொன்ன வாயும் நிலைக்க வேண்டும்.

பழைய பாடங்கள் இரண்டு

இது நமக்குப் புதிதல்ல. 1952-ல் இலங்கை வானொலியில் 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. பினாக்கா பற்பசைக் கம்பெனிதான் அதை நடத்த வைத்தது. அமீன் சயானி என்பவரின் குரலில் அந்த நிகழ்ச்சி பல பத்தாண்டுகள் வாரந்தோறும் நடந்தது. ஜனங்கள் பாட்டுக்காகவும் அந்தக் குரலுக்காகவும் காத்திருந்தார்கள். பற்பசையின் பெயர் அத்தோடு ஒட்டிக்கொண்டது. 2024-ல் அவர் காலமானபோதும் அந்தப் பழைய நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு சரக்கும் ஒரு குரலும் நெடுநாள் சேர்ந்திருந்ததன் பலன் அது.

இன்னொன்று அமுல் வெண்ணெய். புள்ளிச் சட்டை போட்ட அந்தச் சிறுமியின் படத்தை 1966-ல் சில்வெஸ்டர் டாகுன்ஹாவின் விளம்பர நிறுவனம் உருவாக்கியது. ஒவ்வொரு விளம்பரத்தையும் முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்று டாக்டர் குரியன் அவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்திருந்தார். அதனால்தான் ஊரில் அன்றன்று பேசப்படும் விஷயத்தை வைத்து உடனுக்குடன் அவர்களால் விளம்பரம் செய்ய முடிந்தது. அவருக்குப் பின் அவர் மகன் காலத்திலும் அந்த உறவு தொடர்ந்தது.

முதலாவது நீடித்த உறவைச் சொல்கிறது. இரண்டாவது, உறவு நீடிக்கத் தொழில் தெரிந்தவருக்குக் கையைக் கட்டாமல் விட வேண்டும் என்பதைச் சொல்கிறது. இதை நான் நேரில் படித்த விதத்தைச் சொல்கிறேன்.

மறுத்த தம்பி

நஷ்டத்திற்குப் பிறகு, மம்சாபுரம் பக்கம் தாயாரோடு சமையல் வீடியோ போடும் ஓர் இளைஞரை ஒரு கடைக்காரர் எனக்கு அறிமுகம் செய்தார். பார்ப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் அத்தனை பேரும் நம் பகுதிக்காரர்கள். வேறொரு சிறு உற்பத்தியாளரின் மிளகாய்த்தூளைக் கொடுத்து, "முதலில் ஒரு மாதம் வீட்டில் சமைத்துப் பாருங்கள் தம்பி, பிடித்தால் பேசுவோம்" என்றேன். பிடித்திருந்தது. மாதம் ஒரு வீடியோ என்று பேசி முடித்தோம்.

மூன்றாவது வீடியோவில் அவர், "தூள் நன்றாக இருக்கிறது. ஆனால் நிறம் கொஞ்சம் மட்டு, பாக்கெட் ஓரத்தில் ஒட்டு விட்டுப்போகிறது" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்த இடத்தை வெட்டிவிடும்படி சொன்னேன். அவர், "அண்ணாச்சி, பணம் வேண்டுமானால் திருப்பித் தந்துவிடுகிறேன். அதை எடுத்துவிட்டால் அம்மா முகத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு நான் எதைச் சொன்னாலும் எவரும் நம்ப மாட்டார்கள்" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். நிறம் மட்டாக இருப்பதற்குக் காரணம் சாயம் சேர்க்காததுதான். அதை உற்பத்தியாளரையே அடுத்த வீடியோவில் சொல்ல வைத்தோம். பாக்கெட் ஒட்டும் இயந்திரம் சரி செய்யப்பட்டது. ஒட்டு விட்ட பாக்கெட்டுகளை மாற்றிக் கொடுத்தோம். அதன் பிறகுதான் கடைகளிலிருந்து மறு ஆர்டர் ஒழுங்காக வரத் தொடங்கியது. நான் வெட்டச் சொன்ன இடம்தான் சரக்குக்கு ஜாமீனாக நின்றது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பார்ப்பவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள். இந்த விவரம் வீடியோ போடுபவரின் கணக்கில் இருக்கும், காட்டச் சொல்லலாம். சென்னையில் லட்சம் பேர் பார்ப்பதால் தளவாய்புரம் கடைக்கு என்ன லாபம்?

2. வீடியோவின் கீழே ஜனங்கள் எழுதுவதைப் படியுங்கள். கேள்வி கேட்கிறார்களா, அவர் பதில் சொல்கிறாரா என்று பார்த்தால் நாணயம் தெரிந்துவிடும்.

3. முதலில் மூன்று மாதம் சோதனை. சரிப்பட்டால் ஓராண்டு ஒப்பந்தம்.

4. எத்தனை வீடியோ, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, போட்டிச் சரக்கை எத்தனை மாதம் தொடக்கூடாது, வீடியோவை நாம் வேறிடத்தில் பயன்படுத்தலாமா, இவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு மனஸ்தாபத்தில் முடியும்.

5. விலை, எடை, சேர்மானம், உணவு உரிம எண் ஆகியவை நாம் சொன்னபடி இருக்க வேண்டும். சொல்லும் விதம் அவருடையது.

6. வீடியோ வருவதற்கு ஒரு வாரம் முன்பே சில்லறைக் கடைகளுக்குச் சொல்லிச் சரக்கை நிரப்புங்கள். கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் செலவு வீண்.

7. சொன்ன தேதியில் பணம் கொடுங்கள். மில்லுக்குத் தவணை தவறாதவர்கள்கூட இந்த இளைஞர்களை ஆறு மாதம் அலைய விடுகிறார்கள். அவர்களுக்கும் அது பிழைப்பு.

8. ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீட்டுச் சொல் கொடுத்து, அதைச் சொல்லி வாங்குவோருக்குச் சிறு தள்ளுபடி கொடுத்தால், யாரால் எவ்வளவு விற்றது என்று சிட்டையில் எழுதிக்கொள்ளலாம்.

சட்டம் சொல்வது

பணம் வாங்கிக்கொண்டோ, இலவசச் சரக்கு வாங்கிக்கொண்டோ புகழ்ந்தால், இது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் 2022 ஜூன் மாதமும் 2023 ஜனவரியிலும் வந்த நெறிமுறைகள் இதை வற்புறுத்துகின்றன. வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும். மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. புகழ்ந்தவருக்கு ஓராண்டு, பிறகு மூன்றாண்டு வரை தடையும் விதிக்கலாம். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்வது உணவுச் சட்டப்படி தனிக் குற்றம். 'சர்க்கரை நோய் தீரும்' என்று தம்பிமார் ஆர்வத்தில் பேசிவிடுவார்கள். நாம்தான் தடுக்க வேண்டும்.

ஒருவருக்கு ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இலவசச் சரக்கு கொடுத்தால் 10 சதவீத வரிப்பிடித்தம் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் வந்தது. தனிநபர் வியாபாரத்தில் முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள்.

பால்கோவாக் கடைக்காரர்களுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் எங்கோ செய்ததற்கு இந்த ஊர்ப் பெயரை ஒட்டி விற்பதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? இதற்கு மாற்று, அசல் தயாரிப்பை வெளிச்சமாகக் காட்டுவதுதான். நம்பகமான ஒருவரை அடுப்படிக்கே அழைத்துச் சென்று, பால் இறங்குவதிலிருந்து சர்க்கரை சேர்த்துக் கிண்டி இறக்குவது வரை படம் பிடிக்க விடுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல் பண்டிகைக்குப் பண்டிகை அவரையே வரச் சொல்லுங்கள். எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். வெளியூருக்கு அனுப்பிக் கெட்டுப்போனால் பழி ஊருக்கே வரும்.

தனியாகச் செலவு செய்ய முடியாத சிறு கடைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவரை ஆண்டு முழுவதற்கும் அமர்த்திக்கொள்ளலாம். அகல உழுவதை விட ஆழ உழுவது மேல் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். பத்துப் பேரிடம் ஒவ்வொரு வீடியோ வாங்குவதை விட, ஒருவரிடம் பத்து வீடியோ வாங்குவது நல்லது.

அந்த மம்சாபுரம் தம்பியோடு எங்கள் ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அவர் கேட்காமலே சென்ற முறை தொகையை உயர்த்தினோம். இன்றும் புதுச் சரக்கு வந்தால் முதல் பாக்கெட் அவர் தாயாருக்குத்தான் போகிறது. அந்த அம்மாள் சரியில்லை என்று சொன்ன ஒரு சாம்பார் பொடியை நான் ஏஜென்சி எடுக்காமலே விட்டுவிட்டேன்.