சொகுசுக் குடும்ப வாகனங்களுக்குக் கட்டுபடியாகும் மாற்று டயர்கள்: கடலூர் – சிதம்பரம் வட்டாரம்

ஒரு வாகனத்துடன் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வந்த டயர்கள் தேய்ந்தோ, வயதாகியோ, சேதமடைந்தோ போனபின் வாங்கப்படும் டயர்கள் மாற்று டயர்கள் எனப்படும். டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 போன்ற பெரிய குடும்ப வாகனங்களுக்கும், ஐரோப்பிய சொகுசு கார்களுக்கும் இவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது விலை, சுமைதாங்கும் திறன், ஈரச்சாலைப் பிடிப்பு, ஆயுள் ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரச் சாலைகளையும் பருவநிலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

பின்னணி

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் சொகுசு வாகனம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் புதிதாக வாங்கியவர்கள் அல்லர். ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய இன்னோவாவைப் பாதி விலைக்கு வாங்கிக் குடும்ப வண்டியாக வைத்திருப்பவர்கள் பலர். வெளிநாட்டில் வேலை செய்பவர் ஊரில் உள்ள பெற்றோருக்காக வாங்கிக் கொடுத்த வண்டிகளும் உண்டு. வாகனத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். ஆனால் அதற்கு வேண்டிய டயரின் விலை இறங்குவதில்லை. பத்து வருடப் பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் அளவு ஒன்றென்றால் டயர் விலையும் ஒன்றே. நான்கு டயர்களையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய நிலை வரும்போது ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்’ என்று தள்ளிப்போடுவதற்கும், கிடைத்த மலிவான டயரைப் போட்டுவிடுவதற்கும் இதுவே காரணம். ஏழெட்டுப் பேர் ஏறிச் செல்லும் வண்டியில் அந்த முடிவின் விளைவு வண்டியில் உள்ள அத்தனை பேரையும் சேரும்.

வட்டாரச் சாலைகளும் பருவநிலையும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலைவழித் தொலைவு சுமார் 45 கி.மீ. சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக நாகப்பட்டினம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 32 இவ்விரு நகரங்களையும் இணைக்கிறது. டயரைத் தேர்ந்தெடுப்பவர் இந்த வட்டாரத்தில் மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவமழையே இம்மாவட்டத்துக்குப் பெருமழை தருவது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 இறுதியில் பெய்த மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்திலும் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. புயல் இல்லாத ஆண்டிலும் சாலையில் தேங்கும் நீர், அதன் அடியில் மறைந்திருக்கும் பள்ளம் ஆகிய இரண்டும் உண்டு.

இரண்டாவது வெயில். மே, ஜூன் மாதங்களில் தார்ச்சாலையின் மேற்பரப்பு காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும். காற்று குறைவாக உள்ள டயர், முழுச் சுமையுடன் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும்போது அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து தானாகவே சூடாகிறது. வெளிச்சூடும் உட்சூடும் சேரும்போதுதான் டயர் வெடிக்கிறது.

மூன்றாவது கடற்கரை. பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், கடலூர் துறைமுகப் பகுதிகளின் உப்புக்காற்று வீல் விளிம்பை அரிக்கும். ட்யூப்லெஸ் டயர் விளிம்பில் அமரும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டால், பஞ்சர் இல்லாமலேயே காற்று மெல்லக் கசியும். புது டயர் போட்டும் காற்று இறங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டயரின் மேல் உள்ள எழுத்துகள்

இன்னோவா கிரிஸ்டா 2016இல் இந்தியாவில் அறிமுகமானது. அதன் பெரும்பாலான வகைகளுக்கு 205/65 ஆர்16 அளவும், உயர் வகைக்கு 215/55 ஆர்17 அளவும் பொருந்தும். 205/65 ஆர்16 95எச் என்று ஒரு டயரில் எழுதியிருந்தால் அதன் பொருள் வருமாறு:

205 – டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
65 – பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு. அதாவது சுமார் 133 மி.மீ.
ஆர் – ரேடியல் அமைப்பு.
16 – வீலின் விட்டம், அங்குலத்தில்.
95 – சுமைக் குறியீடு. ஒரு டயர் 690 கிலோ தாங்கும்.
எச் – வேகக் குறியீடு. மணிக்கு 210 கி.மீ. வரை. எஸ் என்றால் 180, டி என்றால் 190, வி என்றால் 240.

விலை குறைவு என்று சுமைக் குறியீடு 91 உள்ள டயரைப் போட்டால், ஒன்று 615 கிலோதான் தாங்கும். நான்கு டயர்களில் மொத்தம் 300 கிலோ தாங்குதிறன் குறைகிறது. எட்டுப் பேரும் கூரைமேல் பெட்டிகளுமாகக் கோயில் பயணம் புறப்படும் வண்டிக்கு இது சிறிய இழப்பு அன்று. வாகனத்தின் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டையிலும் கையேட்டிலும் உள்ள சுமைக் குறியீட்டுக்குக் குறையாத டயரையே வாங்க வேண்டும்.

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் நெடுநாள் கிடந்த டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அதன் ரப்பர் இறுகத் தொடங்கியிருக்கும்.

சட்டமும் தரக்குறிகளும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி கார்களின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பேச்சுவழக்கில் ‘பட்டன்’ எனப்படும் இந்தப் பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இது சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை மட்டுமே. தேங்கிய நீரில் ஓடும்போது நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுவது இந்தப் பள்ளங்கள்தான். அவை ஆழமில்லாதபோது டயர் நீர்ப்படலத்தின் மேல் ஏறி மிதக்கிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்த நொடியில் பயன்படா. ஆகவே செப்டம்பர் மாதத்தில் ஆழம் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால், பருவமழைக்கு முன்பே மாற்றுவது நல்லது.

இந்தியாவில் விற்கப்படும் கார் டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கான தர வரையறை ஐ.எஸ். 15633 ஆகும். உருளும் தடை, ஈரச்சாலைப் பிடிப்பு, ஓடும்போது எழும் ஒலி ஆகியவற்றுக்கு ஏ.ஐ.எஸ். 142 என்னும் வரையறையைப் பின்பற்றுவது 2022இல் அறிவிக்கப்பட்டு, புதிய வடிவமைப்புகளுக்கு முதலிலும் ஏற்கெனவே உள்ளவற்றுக்கு 2023இலுமாக நடைமுறைக்கு வந்தது. முத்திரை உள்ள மலிவு டயர் குறைந்தபட்சத் தகுதி பெற்றது. முத்திரை இல்லாதது எந்த விலைக்கும் தகாதது.

செலவைக் குறைக்கும் வழிகள்

உள்நாட்டுத் தயாரிப்பு: தமிழ்நாடு டயர்த் தொழிலின் முக்கிய மையங்களுள் ஒன்று. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்துக்கு இன்று அரக்கோணம், பெரம்பலூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் ஆலைகள் உள்ளன. அப்பல்லோவுக்கு ஒரகடத்திலும், சியட், ஜே.கே. ஆகியவற்றுக்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும், மிஷலினுக்குத் தேர்வாய் கண்டிகையிலும் ஆலைகள் இயங்குகின்றன. 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டபின், உள்நாட்டில் செய்யப்படும் டயர்களே எளிதில் கிடைப்பவை. ஒரே நிறுவனம் பல விலைகளில் டயர் செய்கிறது. பெயர் பெற்ற நிறுவனத்தின் நடுத்தர வகை, அறியாத நிறுவனத்தின் உயர்வகையைவிடப் பெரும்பாலும் நம்பத்தக்கது.

வரி: டயர்களின் மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் உள்ள டயர் 12,800 ரூபாயிலிருந்து 11,800 ரூபாயாக இறங்கும். நான்குக்கு 4,000 ரூபாய் மிச்சம். இந்த வரி புதுச்சேரியிலும் ஒன்றே என்பதால் அங்கு சென்று வாங்குவதில் வரி இலாபம் இல்லை. கடைக்காரர் தரும் தள்ளுபடி மட்டுமே வேறுபடும். வரி போகட்டும் என்று பில் இல்லாமல் வாங்கினால், உற்பத்திக் குறைக்கு உத்தரவாதம் கேட்க வழியில்லை.

வீலின் அளவைக் குறைத்தல்: 205/65 ஆர்16 டயரின் முழு விட்டம் சுமார் 673 மி.மீ. 215/55 ஆர்17 டயருக்கு அது சுமார் 668 மி.மீ. வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே 17 அங்குல வீலுடன் வந்த கிரிஸ்டா உரிமையாளர், அதே மாதிரியின் 16 அங்குல வீல்களுக்கு மாறலாம். 16 அங்குல டயரில் தேர்வு அதிகம், விலையும் பொதுவாகக் குறைவு. பக்கச்சுவர் 15 மி.மீ. உயர்வதால் பள்ளத்தில் விழும்போது டயரும் வீலும் சேதமடைவதும் குறையும். வீல்களுக்கு ஆகும் செலவைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். உற்பத்தியாளர் அந்த மாதிரிக்கு அனுமதித்த அளவுகளுக்குள் மட்டுமே இந்த மாற்றம் பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு வாகனத்தின் மூல விவரங்களை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மாறாக, 16 அங்குல வீலிலேயே 205/60 டயரைப் போட்டால் விட்டம் சுமார் 3 விழுக்காடு குறையும். வண்டி 10 மி.மீ. தாழும், வேகமானியும் தவறாகக் காட்டும்.

கிலோமீட்டர்க் கணக்கு: எடுத்துக்காட்டாக, 7,000 ரூபாய் டயர் 35,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 20 காசு. 10,000 ரூபாய் டயர் 55,000 கி.மீ. ஓடினால் சுமார் 18 காசு. மாதம் 2,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு இரண்டாவதே மலிவு. மாதம் 400 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கு இக்கணக்கு பொருந்தாது. அதில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதுமையடையும் என்பதால், மழையில் நல்ல பிடிப்புள்ள நடுத்தர விலை டயர் போதும்.

இரண்டிரண்டாக மாற்றுதல்: நான்கையும் வாங்கப் பணம் இல்லாதபோது ஓர் அச்சுக்கு இரண்டாக, ஒரே மாதிரி டயர்களை மாற்றலாம். அப்போது புதிய இரண்டையும் பின்பக்கம் பொருத்த வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகச் செல்லும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். முன்னதைச் சாதாரண ஓட்டுநர் சமாளிக்கலாம். பின்னதைச் சமாளிப்பது அரிது.

சொகுசு கார்களின் ரன்-ஃபிளாட் டயர்கள்

சில ஐரோப்பிய கார்களில் காற்று இறங்கினாலும் குறைந்த வேகத்தில் குறிப்பிட்ட தொலைவு ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்கள் உள்ளன. இவற்றின் பக்கச்சுவர் தடித்தது, விலையும் அதிகம். சிறு நகரப் பஞ்சர் கடைகளில் இதைக் கழற்றி மாட்டத் தகுந்த கருவி எப்போதும் இருப்பதில்லை. இதற்குப் பதிலாக அதே அளவில் சாதாரண டயருக்கு மாறுவோர் உண்டு. செலவு குறையும், பயணமும் மென்மையாகும். ஆனால் அத்தகைய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. மாறுபவர் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்து, பஞ்சர் ஒட்டும் பெட்டியும் காற்றடிக்கும் கருவியும் வண்டியில் வைத்திருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பழைய டயர்களைத் தேய்த்து மெருகேற்றி விற்பதும், மொட்டை டயரில் சூடான கருவியால் பள்ளம் கீறி விற்பதும் உண்டு. கீறும்போது உள்ளிருக்கும் கம்பி அடுக்கின் மேல் உள்ள ரப்பர் மெலிகிறது. அரசுப் பேருந்துகளில் மறுமிதிப்பு செய்த டயர்கள் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். அந்த டயர்களின் உடற்பகுதி மீண்டும் மீண்டும் பயன்படும்படி கட்டப்பட்டது. கார் டயர் அப்படி அன்று.

வழக்கமான விரிவான காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு இல்லை. விபத்தில் வாகனமும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் 50 விழுக்காடு கிடைக்கும்.

பராமரிப்பு

விலை கொடுத்து வாங்கிய டயரின் ஆயுளைக் கூட்டுவது பராமரிப்பே. மாதம் இருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும், டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்று பார்க்க வேண்டும். முழுச் சுமைக்குரிய அழுத்தம் கதவு அட்டையில் தனியாக இருக்கும். வெயிலில் ஓடி வந்தபின் அழுத்தம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கக் கூடாது. நைட்ரஜன் கட்டாயம் அல்ல. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும். பக்கச்சுவரில் வீக்கம் தெரிந்தால் உள்நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அதற்கு ஒட்டு இல்லை, மாற்றுவதே வழி.

பழைய டயர்கள்

கழற்றிய டயர்களைக் கடையிலேயே விட்டுவந்தால் அவை மறுசுழற்சிக்குச் செல்லும் வாய்ப்பு உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்த டயரில் மழைநீர் தேங்கினால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். போகியன்று டயர் எரிப்பதைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் தவிர்க்கச் சொல்கிறது. எரியும் ரப்பரிலிருந்து கந்தக டை ஆக்சைடும் நச்சுப் புகைக்கரியும் வெளிப்படுவதே அதற்குக் காரணம்.