பந்து கையில், விதி காலில்!

மாவட்டப் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு சாஃப்ட்பால் போட்டி. எங்கள் படிவம் மூன்று மாணவி வீசிய பந்து மட்டையாளரைத் தாண்டிச் சீறிப் பாய்ந்தது. நாங்கள் கைதட்டினோம். நடுவரோ இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டார். வீச்சு விதிமீறலாம்! மட்டையாளருக்கு ஒரு ‘பால்’ கணக்கில் சேர்ந்தது.

“டீச்சர், கையைச் சரியாகத்தானே சுழற்றினேன்?” என்று கண்கலங்கினாள். கை சரிதான். தவறு காலில்!

மாணவர்களே, பந்து வீசுபவர் 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ரப்பர் தட்டில் கால் பதித்து நிற்க வேண்டும். வலக்கையால் வீசுபவருக்கு வலக்கால்தான் ஊன்றுகால். அது தட்டை உதைக்கும். இடக்கால் முன்னே எட்டு வைக்கும். அந்த எட்டு தட்டின் நீளத்திற்குள் விழ வேண்டும். பிறகு ஊன்றுகாலின் பெருவிரல் மண்ணை உரசியபடி பின்தொடரும். கால் அந்தரத்தில் இருப்பதைச் சில விதிநூல்கள் ஏற்கின்றன. ஆனால் ஊன்றுகாலைத் தட்டுக்கு முன்னால் மறுபடி ஊன்றி, இரண்டாம் முறை உதைத்து வீசக்கூடாது. காகம் தத்துவதுபோல் இருப்பதால் இதற்குக் ‘குரோ ஹாப்’ என்று பெயர்.

ஏன் இந்தத் தடை? நியூட்டனின் மூன்றாம் விதியை நினைத்துப் பாருங்கள். கால் தட்டைப் பின்னே தள்ள, தட்டு உடலை முன்னே தள்ளுகிறது. உடல் உந்தம் பெறுகிறது. முன்கால் ஊன்றியதும் உடலின் வேகம் குறைகிறது. பேருந்து பிரேக் போட்டதும் நாம் முன்னே சாய்வதுபோல் அந்த உந்தம் இடுப்பு, தோள், கை வழியே பந்துக்குச் செல்கிறது. இரண்டாவது உதை கூடுதல் உந்தம் தரும்.

தூரமும் குறையும். மகளிர் ஆட்டத்தில் தட்டுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 13.11 மீட்டர். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அதை 0.66 விநாடியில் கடக்கும். 1 மீட்டர் முன்னே தத்தினால் 0.61 விநாடிதான். மட்டையாளர் 0.05 விநாடியை இழக்கிறார். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசைய வேண்டிய ஆட்டத்தில் அது பெரிய இழப்பு.

இதைத் திருத்த மூன்று பயிற்சிகள் செய்தோம்:

1. தட்டிலிருந்து ஹோம் பிளேட் நோக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, முன்கால் அதன்மேல் விழும்படி பந்தில்லாமல் பத்து முறை மெதுவாக எட்டு வைத்தல்.

2. வழவழப்பான தரையில் ஊன்றுகால் விரலுக்கடியில் சிறு துண்டுத்துணியை வைத்து, அதை இழுத்தபடியே எட்டு வைத்தல். காலைத் தூக்கினால் துணி பின்தங்கிவிடும்.

3. பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் மெதுவியக்கக் காணொளி எடுத்துப் பார்த்தல். களைத்த பிறகும் எடுங்கள். பழைய பழக்கம் அப்போதுதான் தலைகாட்டும்.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி நம் திடலின் செம்மண். வீசிய பின் குனிந்து பாருங்கள். தட்டிலிருந்து தொடர்ச்சியாக ஒரு கோடு இருந்தால் நல்லது. கோடு அறுந்து, நடுவே ஆழமான காலடி ஒன்று பதிந்திருந்தால் அதுதான் இரண்டாவது உதை.

அந்த மாணவி இப்போது ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் முதலில் மண்ணைத்தான் பார்க்கிறாள். நடுவர் சொல்லும் முன்பே தன் தவறு அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.