கழுத்து வலியில் முதலாளிக்கும் பங்குண்டு

காபி டம்ளர் கையிலிருந்து நழுவிய பிறகுதான் டாக்டரிடம் வருகிறார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகத் தொடங்கிப் பல மாதம் ஆகியிருக்கும். நடு ராத்திரியில் எழுந்து கையை உதறிவிட்டு மறுபடி படுத்திருப்பார்கள். என்ன வேலை என்று கேட்டால் நாலைந்து பேர் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ், பனியன் கம்பெனிக் கணக்கு, ஆன்லைன் துணிக்கடை என்று பதில் வரும். எங்கே உட்கார்ந்து என்றால், "வீட்டில்தான் டாக்டர், கட்டில் மேல்!"

2020 மார்ச் ஊரடங்கில் அவசரத்துக்கு வந்த ஏற்பாடு பல சிறு நிறுவனங்களில் அப்படியே நிலைத்துவிட்டது. முதலாளிக்கு வாடகையும் மின் கட்டணமும் மிச்சம்; ஊழியருக்குப் பஸ் நெரிசல் இல்லை, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலை வீட்டுக்குப் போனபோது மேஜையும் நாற்காலியும் கூடப் போகவில்லை.

மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய நாட்களில் கணக்கர்கள் மடியில் லேப்டாப்போடு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் குனிந்தபடி இருக்கிறார்கள். தலையின் எடை சுமார் 5 கிலோ. அதை 60 டிகிரி குனிய வைத்தால் கழுத்தெலும்பின் மேல் ஏறும் சுமை ஏறக்குறைய 27 கிலோ என்கிறது 2014-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிட அதிகம்!

டாக்டரிடம் வரும் முன் நடக்கும் வைத்தியங்கள்

"வீட்டில் சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறாய், உனக்கென்ன வலி?" குடும்பத்தில் எழும் முதல் கேள்வி இது. தசை அசையாமல் இறுகி நிற்பதும் அதற்கு உழைப்புதான். வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் நாளைக் கடத்துகிறார்கள்.

அடுத்தது சுளுக்கு எடுப்பது. முடி வெட்டியதும் கழுத்தை இரண்டு பக்கமும் சடாரென்று திருப்பி நெட்டி முறிக்கச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்பை ஒட்டியே செல்கிறது. அந்தத் திருப்பலில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் அந்த அரிதானவர் யார் என்று முடி திருத்துபவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவதைக் கேட்டால் எந்த டாக்டருக்கும் கோபம் வரும். மெடிக்கல் ஷாப்பில் போய், "கழுத்து வலிக்கு ஒரு செட் கொடுங்க." டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று, ஒரு கேஸ் மாத்திரை. ஒரு நாள் ஒரு வாரமாகி, பிறகு மூன்று மாதமாகிவிடும். கேஸ் மாத்திரை வயிற்றுப் புண்ணை ஓரளவு தடுக்கும். சிறுநீரகத்தைக் காக்காது, ஏறும் ரத்த அழுத்தத்தையும் இறக்காது. டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்ததால், கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-இல் இந்தியா தடை செய்தது. மனித உடம்பு கழுகின் உடம்பு அல்ல. அதற்காகச் சீட்டில்லாமல் மிட்டாய் மாதிரி வாங்கி விழுங்கலாமா? ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் துணிகிறார்கள்.

மரத்துப்போன விரலுக்கு 'நரம்புச் சத்து' மாத்திரை இன்னொரு வழக்கம். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தால் எந்தச் சத்தும் அதை விடுவிக்காது. கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிவதால் தசைகள் மேலும் பலமிழக்கின்றன. விலையுயர்ந்த நாற்காலியும் முழுத் தீர்வாகாது; அதில் நாலு மணி நேரம் எழாமல் உட்கார்ந்தால் அதுவும் கட்டிலும் ஒன்றுதான்.

தள்ளிப்போடக் கூடாதவை

கையிலோ காலிலோ பலம் குறைவது, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம், தொடையிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனை. இடது தோள் வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், இதயமாக இருக்கலாம்.

மற்றபடி, விரல் மரத்துப்போவதற்கு முதலில் பார்க்க வேண்டியவை சர்க்கரை, தைராய்டு, தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனை. எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. வேண்டாம்.

முதலாளிகளே, கொஞ்சம் கேளுங்கள்

லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்த ஒரு ஸ்டாண்ட், தனிக் கீபோர்டு, மவுஸ். சாதாரண வகை மூன்றும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மிச்சமான வாடகையிலிருந்து அதை மட்டுமாவது வாங்கிக் கொடுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் நாலு தடிப் புத்தகமும் போதும்.

நெகிழ்வான நேரம் என்று சொல்லிவிட்டு ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் "அந்த பில் என்னாச்சு?" என்று கேட்காதீர்கள். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன. சிறு நிறுவனங்களில் இந்த 55 மணி நேரத்தை முதலில் தாண்டுபவர் பெரும்பாலும் முதலாளியேதான்.

அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வாருங்கள். போன் பேசும்போது நடந்துகொண்டே பேசுங்கள். வலி இரண்டு வாரம் தாண்டினாலோ விரல் மரத்துப்போகத் தொடங்கினாலோ, இந்த மாத ரிட்டர்ன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தயவுசெய்து வந்து காட்டிவிடுங்கள். தொடக்கத்திலேயே வருபவர்களில் பலருக்கு மணிக்கட்டுப் பட்டையும் உடற்பயிற்சியும் போதும், கத்தி தேவைப்படாது.