மூலமும் பிரதியும்: மாத்தளை மாவட்டத்து நூதனசாலைகள்

நூதனசாலை என்பது பழம்பொருள்களை அடுக்கி வைத்த களஞ்சியம் என்றே பலர் கருதுவர். மாத்தளை மாவட்டத்தின் வடபாலமைந்த சீகிரிக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவருள் பலர், குன்றேறுவதிலேயே பொழுதைப் போக்கி, அடிவாரத்து நூதனசாலையை விரைந்து கடந்து விடுவர். அங்குள்ள ஓவியங்கள் பிரதிகளே. மூலத்தை மேலே காணலாமே என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீகிரிக் குன்றைத் தன் அரணாகவும் அரண்மனையாகவும் கொண்டவன் காசியப்பன் (கி. பி. 477–495). குன்றின் மேற்குப் பக்கத்துப் பாறைக்குடைவில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 20 பெண்ணுருவங்களே. 1889 ஆம் ஆண்டில் அலிக் மறே என்பார் இவற்றுட் சிலவற்றை முதன்முதலாகப் படியெடுத்தார். 1896–97 ஆம் ஆண்டுகளில், தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல்லின் உதவியாளராகிய டி. ஏ. எல். பெரேரா அவற்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவர் தீட்டியவை, 1877 இல் நிறுவப்பெற்ற கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன.

இம்முயற்சியின் பெறுமதி பின்னரே புலனாயிற்று. 1967 ஆம் ஆண்டு தீயோர் சிலர் ஓவியங்கள்மீது வண்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநராகிய லூச்சியானோ மறன்சி அவற்றைச் சீர்செய்தார். நூற்றாண்டுகள் பல கடந்து நின்ற மூலமும் ஓரிரவில் அழிவுறலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. பிரதி என்பது மூலத்துக்குப் போட்டியன்று, அதன் சாட்சியாகும்.

கண்ணாடிச் சுவரும் இக்கருத்தையே வலியுறுத்தும். முற்காலத்தில் அங்கு வந்தோர் ஓவியங்களைக் கண்டு வியந்து, அச்சுவரில் பாடல்களைக் கீறிச் சென்றனர். இன்று ஏறிச்செல்வோர் கண்ணுக்கு அவை மங்கிய கீறல்களே. பேராசிரியர் எஸ். பரணவிதான கி. பி. 8 முதல் 10 ஆம் நூற்றாண்டு வரையிலான 685 பாடல்களைப் படித்து, 1956 இல் நூலாக வெளியிட்டமையாலேயே அக்கீறல்கள் மொழியாயின. சுவரைக் காண்பதற்குக் கண் போதும். அதனைப் படிப்பதற்கு ஆய்வு வேண்டும். அவ்வாய்வின் பயனைப் பொதுமக்களுக்கு அளித்தற்பொருட்டே யப்பானிய உதவியுடன் சீகிரி நூதனசாலை அமைக்கப்பெற்று, 2009 இல் திறந்து வைக்கப்பட்டது.

தம்புள்ளையில் நிலை வேறு. அங்குள்ள ஐந்து குகைகளில் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள் உள்ளன. இவற்றுட் பல, கண்டியை ஆண்ட நாயக்கர் வழியினனாகிய கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) காலத்துக்குரியன. குகையினுள் நிற்போர் ஒரு காலத்து ஓவிய மரபையே பெரிதும் காண்பர். தம்புள்ளை ஓவிய நூதனசாலையிலோ, தீவின் பல பகுதிகளிலுள்ள சுவரோவியங்களின் பிரதிகள் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. சீகிரிக் கோட்டின் நெளிவும் கண்டிக்கால ஓவியத்தின் செந்நிறத் தளமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அங்கு ஒப்பிட்டறியலாம். மூலங்கள் இடந்தோறும் பிரிந்து கிடப்பன; பிரதிகளே அவற்றை ஓரிடத்திற் கூட்டுவன.

எனினும், பிரதியை முற்றாக நம்புதலுந் தகாது. கசகஸ்தானில், அல்மாத்தி நகருக்கு அண்மையிலுள்ள இசிக் என்னுமிடத்தில், 1969 இல் சகர் இனத்தவரின் புதைகுழியொன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் 4,000 க்கு மேற்பட்ட பொன்னணிகள் இருந்தன. துணியும் தோலும் மட்கிப்போக, அணிகள் கிடந்த நிலையைக் கொண்டு அறிஞர் ஆடையையும் நெடுமுடியையும் மீட்டமைத்தனர். அவ்வாறு எழுந்த ‘பொன் மனிதன்’ அந்நாட்டின் சின்னமாயிற்று. அதன் பிரதிகள் நூதனசாலைகள் பலவற்றில் நிற்கின்றன. ஆயின், புதைக்கப்பட்டவர் ஆணோ பெண்ணோ என்னும் ஐயம் பின்னர் அறிஞரிடையே எழுந்தது. பொன் மெய், உருவமோ ஊகம். பெரேராவின் தூரிகையிலும் அவருடைய காலத்தின் கண் கலந்திருத்தல் இயல்பே.

ஆதலின், நூதனசாலையை முதலிற் பார்த்துப் பின்னர்க் குன்றேறுதலே மாணவர்க்கு நன்று. ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, இது மூலமா பிரதியா, எவ்விடத்துக்கு உரியது, இதில் கண்டெடுத்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என வினாவுதல் வேண்டும். அவ்வினாக்களோடு ஏறுபவர்க்கு மங்கிய கீறலும் எழுத்தாகத் தோன்றும். எழுத்தென்று அறிந்த சுவரில் தன் பெயரைக் கீற எந்த மாணவனும் துணியான்.