"என்ன சார், சர்வேயா?"
ஜவ்வாது மலை அடிவாரத்தில் கலர் டப்பாவுடன் திரியும் ஆசாமிகள்!

திருப்பத்தூர்:

காட்டு ஓரத்தில் ஒரு ஆசாமி. தோளில் பை. மடக்கு ஸ்டூலை விரித்து உட்காருகிறார். மடியில் ஒரு பலகை. எதிரே இருக்கும் மலையை முறைத்துப் பார்க்கிறார். குனிகிறார். மறுபடியும் மலையை முறைக்கிறார்.

யார் இவர்? சந்தனக்கட்டை கோஷ்டிக்கு ஆள் பார்க்க வந்தவரா? குவாரிக்கு இடம் தேடுகிறவரா?

இரண்டும் இல்லை. படம் வரைய வந்தவர். வாட்டர் கலர்!

ஓவியக் கல்லூரி மாணவர்கள் இதை "அவுட்டோர்" என்கிறார்கள். அறைக்குள் போட்டோவைப் பார்த்து வரையாமல், வெயிலில் இடத்துக்கே போய் உட்கார்ந்து அங்கேயே முடித்துக்கொண்டு வருவது. வெளிநாட்டில் இதற்கென்றே திருவிழா நடத்துகிறார்கள். ஊரே வேடிக்கை பார்க்கும். சாயங்காலம் படம் விலை போகும்.

இங்கேயும் வேடிக்கை பார்க்க ஆள் வரும். ஆனால் முதல் கேள்வி வேறு.

"என்ன சார், சர்வேயா? ரோடு வருதா?"

சிரிக்கிற விஷயம் இல்லை. காகிதமும் பென்சிலுமாக வந்தவர்கள் நிலத்தை அளந்திருக்கிறார்கள், மரத்தை எண்ணி இருக்கிறார்கள், கேஸ் எழுதி இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீசார் சுட்டு 20 பேர் பிணமானார்களே, அவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்க்காரர்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். அந்தச் சாவு விழுந்த ஊரில், பையோடு வரும் அன்னியனைப் பார்த்து யார்தான் கேள்வி கேட்க மாட்டார்கள்?

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைத்தால் கேஸ். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ரோட்டு ஓரத்திலேயே ஸ்டூலைப் போட்டுவிடுவார்கள்.

முதலில் வந்த இரண்டு பேர்

இந்தச் சந்தேகத்துக்கு வயது 200-க்கு மேல்!

1792-ம் ஆண்டு. திப்பு சுல்தானுடன் நடந்த சண்டை முடிந்து, மார்ச் மாதம் உடன்படிக்கை ஆனது. திருப்பத்தூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கிய பாராமகால் சீமை வெள்ளைக்காரன் கைக்குப் போனது. அடுத்த மாதமே இரண்டு இங்கிலீஷ் ஓவியர்கள் மதராசில் இருந்து கிளம்பினார்கள். சித்தப்பா, அண்ணன் மகன் என்ற உறவு. பெயர் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல். சின்னவருக்கு 23 வயசுகூட நிரம்பவில்லை.

செலவுக்குப் பணம்? கல்கத்தாவில் தங்கள் படங்களை லாட்டரி போட்டு விற்றார்கள்! அந்தக் காசில்தான் தென்னாட்டுப் பயணம்.

பட்டாளம் போன தடத்திலேயே போய், கோட்டைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். பென்சிலில் கோடு போட்டு, மேலே லேசாக கலர் பூசுவார்கள். அளவு தப்பாமல் இருக்க, எதிரே உள்ள காட்சியைக் காகிதத்தில் விழ வைக்கும் இருட்டுப் பெட்டியும் வைத்திருந்தார்கள். கண்ணாடி வைத்த பெட்டியோடு மலையை நோட்டம் விட்டால் அன்றைக்கு ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்கள் அச்சடித்தார்கள். ராயக்கோட்டை, ஜகதேவி, வீரபத்திர துர்க்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. திப்புவோடு சண்டை நடந்த மண் எப்படி இருக்கும் என்று பார்க்க அங்கே ஒரே ஆவல்.

இன்றைக்கு அந்தப் படங்கள் ஒருவகை சாட்சி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட்டுக்காக பாறையை அறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்தக் குன்று எப்படி நின்றது என்பதற்கு, கேமரா வராத காலத்துச் சாட்சி வேறு ஏது?

வெள்ளை கலர் கிடையாது

சரி, இந்த வேலை எப்படி?

ஆயில் பெயிண்ட் என்றால் தப்பானால் மேலே பூசி மறைக்கலாம். வாட்டர் கலரில் அந்தப் பேச்சே இல்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தைச் சும்மா விட வேண்டும். காகிதத்தின் வெள்ளைதான் வெள்ளை. பிரஷ் பட்டால் போச்சு!

முதலில் வானம். பிறகு தூரத்து மலை, வெளிறிய நீலத்தில். கிட்டத்து மரங்கள் கடைசியில், அழுத்தமாக.

ஏப்ரல் வெயிலில் காகிதம் தண்ணீரை மடக்கென்று குடித்துவிடும். வானத்தைப் பாதி பூசுவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். ஏலகிரிக்குப் போனால் கதையே தலைகீழ். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆயிரம் மீட்டருக்கு மேலே பனிக்காலத்துக் காலையில் உட்கார்ந்தால், காகிதம் காயவே காயாது. பச்சை ஓடிப்போய் வானத்தில் கலந்துவிடும். படத்தை வண்டி சீட்டில் சாய்த்து வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதற்குள் நிழல் நகர்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே காட்சி நிற்காது.

வானம் மட்டும் இந்தப் பக்கத்தில் குறை வைக்காது. இல்லாவிட்டால் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் கொண்டுவந்து வைத்திருப்பார்களா?

தண்ணீர்தான் பிரச்சினை. பாலாற்றங்கரையில் வரைகிறவரும் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன ஆறு இது. வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். பாலாற்றை வரைய நீல டியூப்பைத் திறக்கவே தேவை இல்லை. காவியும் மஞ்சளும் போதும். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோதும் நீலம் இல்லை. செம்மண் நிறம்தான்!

படம் முடியும் நேரத்தில் கூட்டம் நெருங்கி நிற்கும். ஆடு மேய்க்கிற பெரியவர், பள்ளிக்கூடப் பையன்கள், டீக்கடைக்காரர். சர்வே இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். மலை சரியா இருக்கு, பனைமரம் ஒன்று குறையுது என்று பஞ்சாயத்து நடக்கும்.

"அதெல்லாம் சரி, எங்க ஆட்டைக் காணோமே?"

கேட்டால் தட்ட முடியுமா? நுனி பிரஷ்ஷில் கறுப்பைத் தொட்டு நாலு புள்ளி வைத்துவிட்டுத்தான் ஸ்டூலை மடக்க வேண்டும்.