குரங்குகள் தலைநகருக்குள் வருவது ஏன்?

புது தில்லி: கோல் மார்க்கெட் உள்ளிட்ட மத்திய தில்லிப் பகுதிகளில் ரீசஸ் குரங்குகள் நடமாடுவதற்கு மனிதச் செயல்பாடுகளே முக்கியக் காரணமாகும். ஆரவல்லி மலைத்தொடரின் நீட்சியான ரிட்ஜ் வனப்பகுதியைச் சாலைகளும் கட்டடங்களும் துண்டாடியுள்ளன. பக்தர்கள் அளிக்கும் வாழைப்பழமும் குப்பையில் சேரும் உணவுக் கழிவும் அவற்றை ஊருக்குள் ஈர்க்கின்றன.

தில்லி உயர் நீதிமன்றத்தின் 2007-ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து, பிடிபட்ட ஆயிரக்கணக்கான குரங்குகள் தெற்கு எல்லையிலுள்ள அசோலா பாட்டி சரணாலயத்தில் விடப்பட்டன. குரங்குகளை விரட்ட லங்கூர்களைப் பயன்படுத்துவது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2012-இல் தடுக்கப்பட்டது.

எனினும் தொல்லை தீரவில்லை. ஒரு கூட்டம் அகற்றப்பட்டாலும், உணவு கிடைக்கும் இடத்தை மற்றொரு கூட்டம் நிரப்பிவிடும். எனவே தெருவில் உணவளிப்பதைத் தவிர்ப்பதும், குப்பைத் தொட்டிகளை மூடிவைப்பதும், எஞ்சிய வனத்தைக் காப்பதுமே மனிதர்கள், குரங்குகள் ஆகிய இரு தரப்பினருக்கும் பாதுகாப்பு அளிக்கும்.