நாயின் தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை, வாழை, தென்னை பயிரிடும் விவசாயிகள் பலர் தோட்டக் காவலுக்கு நாய் வளர்க்கின்றனர். பெயர் பெற்ற கோம்பை நாய் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள கோம்பை ஊருக்கே உரியது. மாட்டுக்கு மடி வீங்கினால் உடனே மருத்துவரை நாடுபவர்கள்கூட, நாயின் தோலில் கட்டி தோன்றினால் உண்ணிக்கடி என்று விட்டுவிடுகின்றனர். அவற்றுள் சில, மாஸ்ட் செல் கட்டி எனும் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

நோயின் தன்மை

மாஸ்ட் செல்கள் எல்லா நாய்களின் தோலிலும் இயல்பாக உள்ளவை. 1878இல் ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக் இவற்றுக்குப் பெயரிட்டார். இவற்றினுள் ஹிஸ்டமின், ஹெப்பாரின் ஆகிய பொருள்கள் அடங்கிய துகள்கள் உள்ளன. இச்செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே இந்நோய். பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயது நாய்களில் காணப்படுகிறது. பாக்ஸர், லாப்ரடார், பக் இனங்களில் அதிகம் எனினும், எந்த இன நாய்க்கும் வரலாம். மனிதருக்கோ மாட்டுக்கோ தொற்றாது.

அறிகுறிகள்

இக்கட்டிக்கென்று தனி உருவம் இல்லை. மரு போலவும், கொழுப்புக்கட்டி போலவும், ஆறாத புண் போலவும் இருக்கும். தொட்டால் சிவந்து வீங்கி, சில மணி நேரத்தில் அல்லது மறுநாள் வற்றுவது முக்கிய அடையாளம். வற்றியதைக் கண்டு குணமாகிவிட்டது என்று எண்ணுதல் கூடாது. ஹிஸ்டமின் இரத்தத்தில் கலப்பதால் இரைப்பையில் அமிலம் கூடிப் புண் உண்டாகும். நாய் தீனி எடுக்காது, வாந்தி எடுக்கும், சாணம் தார் போல் கறுத்து வரும்.

செய்யக்கூடாதவை

கட்டியைப் பிதுக்குதல், கீறுதல், நூலால் இறுகக் கட்டுதல், சூடு வைத்தல், எருக்கம்பால் தடவுதல் கூடாது. துகள்கள் ஒரே சமயத்தில் வெளிப்பட்டால் நாய் அதிர்ச்சியடைந்து இறக்கவும் கூடும். மனிதருக்கான வலி மாத்திரைகளைத் தருவது இரைப்பைப் புண்ணை மோசமாக்கும்.

பரிசோதனை

மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஊதா நிறத் துகள்கள் நிறைந்த வட்டச் செல்கள் நோயை உறுதிப்படுத்தும். இதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. அருகில் நெறி கட்டியிருந்தால் அதிலும் ஊசி போட்டுப் பார்ப்பது அவசியம்.

சிகிச்சை

அறுவை சிகிச்சையே முதன்மையானது. கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும், அடியிலுள்ள ஒரு படலத்தையும் சேர்த்து அகற்ற வேண்டும். பட்டாணி அளவில் இருக்கும்போது இது எளிது. எலுமிச்சை அளவாகிவிட்டால், அதிலும் காலில் வந்திருந்தால், தையல் போடத் தோல் போதாது. அறுவைக்கு முன்பு ஹிஸ்டமினை அடக்கும் மருந்தும், இரைப்பையைக் காக்கும் மருந்தும் தரப்படும்.

வெட்டியெடுத்த கட்டியை எறிந்துவிடாமல், 10 சத பார்மலின் கரைசலில் இட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டியின் தீவிரம் இதில்தான் தெரியும். 95 நாய்களின் கட்டிகளைக் கொண்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிரம் குறைந்த கட்டி கண்ட நாய்களில் பாதிக்கு மேல் இரண்டாண்டுகளைக் கடந்து வாழ்ந்தன. தீவிரம் மிகுந்த கட்டி கண்டவற்றில் பாதி, நான்கு மாதங்களுக்குள் இறந்தன.

தீவிரமான கட்டிக்கும், முழுமையாக அகற்ற முடியாத கட்டிக்கும் வின்பிளாஸ்டின் ஊசியும் பிரெட்னிசலோன் மாத்திரையும் தரப்படுகின்றன. பிரெட்னிசலோனை மட்டும் கடையில் வாங்கிக் கொடுத்தால் கட்டி சில வாரம் சுருங்கும். பின்னர் மீண்டும் வளரும்.

விவசாயிகள் கவனத்திற்கு

மாதம் ஒருமுறை உண்ணி பொறுக்கும்போதே நாயின் உடல் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும். கட்டி தென்பட்டால் இடத்தையும், அளவையும், தேதியையும் குறித்து வைக்கலாம். ஒரு மாதமாகியும் மறையாத கட்டியையும், வீங்கி வற்றும் கட்டியையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மேல் சிகிச்சைக்கு, 2020இல் தொடங்கப்பட்ட தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். கட்டி சிறிதாக இருக்கையில் செய்யும் ஒரே அறுவை, நாயின் உயிரையும் விவசாயியின் பணத்தையும் காக்கும்.